குறி தவறிய கோபம்

கத்தோலிக்கப் பள்ளியைக் களமாகக் கொண்டு, அடங்க மறுக்கும் பதின்பருவத்தினர் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் திரைப்படங்களுக்கு விமர்சகர்களும் பார்வையாளர்களும் நெடுங்காலமாக ஏறத்தாழ ஒரே வாசிப்பையே வழங்கி வருகின்றனர். பள்ளி ஒரு சிறை. துறவாடை அணிந்த ஆசிரியை அதன் காவலர். குறும்பு செய்யும் மாணவன் விடுதலைக்குப் போராடுபவன். அந்தக் காவலரைப் படம் எந்த அளவுக்குக் கேலிக்கு ஆளாக்குகிறதோ அந்த அளவுக்கு அது துணிச்சலான படம். எளிதில் கைக்கு எட்டுவதும், பழியை எவரோ ஒருவர் தலையில் போட்டுவிட்டு மனநிறைவோடு அரங்கை விட்டு வெளியேற இடம் தருவதும் இந்த வாசிப்பின் கவர்ச்சி. 2002இல் வெளிவந்த ‘தி டேஞ்சரஸ் லைவ்ஸ் ஆஃப் ஆல்டர் பாய்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்துக்கும் பெரும்பாலும் இதுவே வாய்த்தது. அப்படத்தைப் பொறுத்தவரை இந்த வாசிப்பைக் குறைபட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள இயலாது. படம் எந்த மனப்போக்கைக் கேள்விக்கு உள்ளாக்குகிறதோ அதே மனப்போக்கைப் படத்தின் கருத்தாக எடுத்துக்கொள்ளும் தலைகீழ் வாசிப்பு இது.

ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைச் சேர்ந்த கிறிஸ் ஃபூர்மன் 1991இல் இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற ஒரே நாவல் 1994இல் அச்சேறியது. அந்நாவலைத் தழுவிய படத்தை, அதுவரை ஆர்.இ.எம். போன்ற இசைக்குழுக்களுக்குப் பாடற்படங்கள் எடுத்துவந்த பீட்டர் கேர் இயக்கினார். நடிகை ஜோடி ஃபோஸ்டர் தயாரிப்பில் பங்கேற்றதோடு, செயற்கைக் கால் பொருத்திய கண்டிப்பான ஆசிரியை அருட்சகோதரி அசம்ப்டாவாகவும் நடித்தார். தலைப்பில் வரும் ‘ஆல்டர் பாய்ஸ்’ என்போர் பீடச் சிறுவர்கள், அதாவது திருப்பலியின்போது பலிபீடத்தில் குருவுக்கு உதவி செய்யும் சிறுவர்கள். கதை 1970களில் நடக்கிறது. ஃபிரான்சிசும் அவன் உயிர்த்தோழன் டிம்மும் மற்ற இரு நண்பர்களும் சேர்ந்து ‘அட்டாமிக் டிரினிட்டி’ என்னும் படக்கதையை வரைகின்றனர். அதில் அவர்கள் மாவீரர்கள். அருட்சகோதரி அசம்ப்டாவோ ‘நன்ஜில்லா’ என்னும் அரக்கி. காட்ஜில்லாவின் பெயரோடு ஒட்டி உருவாக்கிய பெயர் அது. இடையிடையே அந்தப் படக்கதை திரையில் உயிர்பெற்று அசைபடமாக ஓடுகிறது. அந்தப் பகுதிகள் ‘ஸ்பான்’ படக்கதையால் புகழ்பெற்ற டாட் மெக்ஃபார்லேனின் பங்களிப்பு.

சிறுவர்களுக்கும் துறவிக்கும் இடையிலான போர் என்று இந்தப் படத்தைக் காண்பவர்களுக்கு உடனடியாக ஒரு சிக்கல் எழுகிறது. ஃபிரான்சிஸ் விரும்பும் மார்ஜி என்னும் சிறுமி, தன் அண்ணனால் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அவனிடம் சொல்கிறாள். குறும்புப் படம் என்று எண்ணி உட்கார்ந்தவருக்கு இது பேரிடி. அதனால்தான் பல விமர்சனங்கள் இந்தக் கிளைக்கதையைப் படத்தின் சமநிலையைக் கெடுக்கும் மிகைச் சுமை என்று குறை கூறின; கேலியும் துயரமும் ஒட்டவில்லை என்றும், அசைபடப் பகுதிகள் கதையைத் துண்டாடுகின்றன என்றும் எழுதின. இக்குறைகள் அனைத்தும், பள்ளிக்கும் மாணவனுக்கும் இடையிலான சண்டையே படத்தின் மையம் என்ற முன்முடிவிலிருந்து பிறப்பவை. மையத்தை அங்கே நாட்டிவிட்டால் மார்ஜி ஓரத்துக்குப் போகத்தான் செய்வாள்.

ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் படத்தின் அமைப்பு வேறு என்பது தெளிவாகும். நான்கு சிறுவர்களுக்கும் கற்பனை வளம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, தீமையை எதிர்த்து நிற்க வேண்டும் என்ற தாகமும் இருக்கிறது. வரையும் ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் ஓர் அரக்கியைத் தேடிக் கண்டுபிடித்து வீழ்த்துகின்றனர். அந்த அரக்கி எப்போதும் வகுப்பறையின் முன்னால் நிற்பவளே. அதே நாட்களில், அவர்களோடு பழகும் ஒரு சிறுமிக்கு உண்மையான கொடுமை நேர்கிறது. அது பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே, அவளுடைய சொந்த வீட்டில் நேர்கிறது. தீமைக்குத் துறவாடை உண்டு, தடி உண்டு, கட்டளையிடும் குரல் உண்டு என்று மட்டுமே கற்பனை செய்து பழகிய சிறுவனால், அண்ணன் என்ற உறவுக்குள் ஒளிந்திருக்கும் தீமையை எதிர்கொள்ள முடியவில்லை. மார்ஜி சொன்னதைக் கேட்ட ஃபிரான்சிசுக்குச் செய்வதறியாத திகைப்பே மிஞ்சுகிறது. கோபத்தின் குறி தவறியிருக்கிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது. சிறுவர்களின் அந்தத் தவறான குறியையே சரியான குறி என்று கைதட்டி ஏற்றுக்கொண்ட விமர்சனம், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பார்வையைத் தாண்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சிறுவர்கள் பள்ளியிலிருந்து கடத்திச் செல்லும் சிலை எவருடையது என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். அது புனித ஆகத்தாவின் சிலை. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் வாழ்ந்ததாகக் கிறிஸ்தவ மரபு கூறும் மறைசாட்சி அவர். மறைசாட்சி என்பது நம்பிக்கைக்காக உயிர்துறந்தவரைக் குறிக்கும். தன்னை அடைய விரும்பிய உரோமை அதிகாரிக்கு இணங்க மறுத்ததால் அவர் சித்திரவதைக்கு உள்ளாகி, மார்பகங்கள் அறுக்கப்பட்டு மாண்டார் என்பது அந்த மரபின் செய்தி. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் பாதுகாவலியாக அவரைத் திருச்சபை இன்றும் போற்றுகிறது. ஆக, மார்ஜிக்கு நேர்ந்ததை அறிந்த ஒரே உருவம் அந்தப் பள்ளியில் கல்லாக நின்றுகொண்டிருந்தது. சிறுவர்களோ அதை அதிகாரத்தின் சின்னம் என்று கருதித் தூக்கிச் சென்றனர். ஆயிரக்கணக்கான புனிதர்களுள் ஆகத்தாவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எண்ணுவது கடினம். பள்ளியைச் சிறையாகவே காணும் வாசிப்புக்கு இந்தச் சிலை வெறும் குறும்புப் பொருள். வீட்டின் கொடுமையைப் படத்தின் மையத்தில் வைத்துப் பார்க்கும் வாசிப்புக்கோ இது படத்தின் முக்கியமான சான்றுகளுள் ஒன்று.

நிலவும் கருத்து இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்குப் படம் வெளிவந்த ஆண்டும் ஒரு காரணம். 2002 ஜனவரியில்தான் இப்படம் சன்டான்ஸ் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதே மாதத்தில்தான் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ், சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் பல்லாண்டுகளாக இடம்மாற்றி மறைத்துவந்ததை வெளியிடத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் படம் அரங்குகளுக்கு வந்தபோது, அமெரிக்க ஆயர்கள் டல்லாஸ் நகரில் கூடிச் சிறுவர் பாதுகாப்புக்கான சாசனத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தனர். அந்தச் சூழலில் துறவாடையைத் திரையில் கண்டவுடன் பார்வையாளருக்குக் கோபம் பொங்கியது இயல்பே. அந்தக் கோபம் நியாயமானது, இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படாத கணக்கைச் சார்ந்தது. ஆயினும் ஒரு நியாயமான கோபம் கையில் இருக்கிறது என்பதற்காக எதிரில் வரும் எல்லாப் படங்களையும் அதன் சாட்சியாக்க முடியாது. இந்தப் படத்தில் பாலியல் கொடுமை புரிந்தவன் குருவும் அல்லன், துறவியும் அல்லன். சிறுவர்மீதான பாலியல் வன்முறையைப் பெரும்பாலும் நிகழ்த்துபவர்கள் அவர்களுக்கு அறிமுகமானவர்களே, பல நேர்வுகளில் குடும்பத்தினரே என்பது அத்துறையில் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்தது. திருச்சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட நிறைவில் வீட்டுக் கதவைத் தட்டாமலேயே திரும்பிவிடும் பார்வை, மார்ஜியைப் போன்ற பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் உதவாது.

அருட்சகோதரி அசம்ப்டாவை எல்லாம்வல்ல அடக்குமுறையின் உருவமாகக் காண்பது வரலாற்றின்படியும் பொருந்தவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள், பெரும்பாலும் வறிய குடியேறிகளின் காணிக்கைகளால் எழுந்தவை. ஒவ்வொரு பங்குக்கோவிலுக்கு அருகிலும் ஒரு பள்ளி வேண்டும் என்று 1884இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்களின் பேரவை ஆணையிட்டபின் அவை நாடெங்கும் பெருகின. மிகச் சொற்பமான ஊதியத்துக்கு உழைத்த துறவியரே அவற்றின் தூண்கள். 1965இல் அந்நாட்டில் ஏறத்தாழ 1,80,000 அருட்சகோதரிகள் இருந்தனர். பத்தே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1,35,000ஆகச் சரிந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டையும் துறவு வாழ்க்கையையும் புதுப்பிக்க முனைந்தபோது, பலர் துறவாடையைக் களைந்தனர், பலர் சபைகளை விட்டே வெளியேறினர், புதிதாகச் சேர வருவோரும் அருகினர். எனவே 1970களில் பழைய உடையோடும் பழைய கண்டிப்போடும் வகுப்பறையில் நிற்கும் ஒரு துறவி, உச்சத்தில் இருக்கும் ஓர் அதிகாரத்தின் பிரதிநிதி அல்லர். தன்னைச் சுற்றி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் விளக்கை அணையவிடாமல் காப்பவர். ஃபோஸ்டரின் நடிப்பில் கொடூரத்தைவிட இறுக்கமே மேலோங்கி நிற்பதற்கு இதுவே பொருத்தமான விளக்கம். அவர் செய்வது சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அவரை அரக்கியாகக் காண்பவை சிறுவர்களின் பென்சில்களே என்பதையும், படத்தின் ஒளிப்பதிவுக் கருவி அவ்வாறு காணவில்லை என்பதையும் பிரித்தறியாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச இயலாது.

அசைபடப் பகுதிகளைச் சந்தைக்காக ஒட்டிய அலங்காரம் என்று ஒதுக்கியவர்கள், படத்தில் வில்லியம் பிளேக்கின் பெயர் ஏன் வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். சிறுவர்களின் கையிலிருக்கும் பிளேக்கின் நூலை ஆபத்தான சிந்தனையாளருடையது என்று சொல்லி அருட்சகோதரி அசம்ப்டா பறிமுதல் செய்கிறார். 1757இல் இலண்டனில் பிறந்து 1827இல் மறைந்த பிளேக், எழுத்தாலும் ஓவியத்தாலும் ஒருங்கே பேசியவர்; செப்புத் தகட்டில் கவிதையையும் சித்திரத்தையும் ஒன்றாகச் செதுக்கி அச்சிட்டு, மனைவி கேத்தரினின் துணையோடு கையால் வண்ணம் தீட்டி நூலாக்கியவர்; யூரிசன், லாஸ் முதலிய பேருருவங்களைத் தாமே படைத்து அவற்றின் போர்களால் ஒரு தனிப் புராணத்தைக் கட்டியவர். பள்ளி நோட்டில் மாவீரர்களையும் அரக்கியையும் வரைந்து அருகிலேயே வசனம் எழுதும் சிறுவர்கள், அறிந்தோ அறியாமலோ, அவருடைய வழிவந்தவர்கள். படக்கதை இந்தப் படத்தில் வெறும் இடைச்செருகல் அன்று; அந்தப் பிள்ளைகள் சிந்திக்கும் முறையே அது. மார்ஜியும் ஒரு கட்டத்தில் ‘சார்சரெல்லா’ என்னும் பெயரோடு அந்தச் சித்திர உலகுக்குள் நுழைகிறாள். பேச்சில் எதிர்கொள்ள முடியாததை ஃபிரான்சிஸ் கோடுகளில் எதிர்கொள்ள முயல்கிறான்.

பிளேக்கைத் துணைக்கழைக்கும் படத்தை மதத்திலிருந்து விடுபடும் கதையாகச் சுருக்குவதும் பொருந்தாது. அவர் குருமாரின் அதிகாரத்தைக் கடுமையாகச் சாடியவர்தாம். ஆனால் விவிலியத்தை விட்டு ஒருநாளும் அகலாதவர், யோபு நூலுக்குத் தம் இறுதிக்காலத்தில் செதுக்கிய சித்திரங்களால் அந்நூலுக்கே புதிய பொருள் தந்தவர். ஒன்றோடொன்று மோதும் ஆற்றல்கள் இரண்டும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்பதே அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியது. இதனோடு ஒப்பிட்டால் சிறுவர்களின் கலகம் சமயத்துக்கு வெளியே நிற்பதன்று என்பது விளங்கும். மூவொரு கடவுள் என்ற கோட்பாட்டிலிருந்துதான் அவர்களுடைய படக்கதைக்குப் பெயரே கிடைக்கிறது. வானவர், அலகை, தியாகம், இறுதிப் போர் என்று அவர்களுடைய கற்பனையின் சரக்கு முழுவதும் மறைக்கல்வி வகுப்பில் பெற்றது. பள்ளி கொடுத்த கருவிகளால்தான் அவர்கள் பள்ளியை எதிர்க்கின்றனர்.

கதையின் முடிவையும் நிலவும் கருத்து தவறாகவே கையாளுகிறது. கூகர் எனப்படும் அமெரிக்க மலைச்சிங்கம் ஒன்றை வனவிலங்குப் பூங்காவிலிருந்து மயக்கமருந்து கொடுத்துக் கடத்தி, ஆசிரியையின் அறைக்குள் விட வேண்டும் என்று சிறுவர்கள் திட்டமிடுகின்றனர். அந்த முயற்சியில் டிம் விலங்கால் தாக்கப்பட்டு இறக்கிறான். குறும்புக்காரனுக்குப் படம் தண்டனை வழங்கிவிட்டது, இறுதியில் அதிகாரத்தின் பக்கமே சாய்ந்துவிட்டது என்று குறைபடுவோர் உளர். தண்டனை என்றால் குற்றத்துக்கும் விளைவுக்கும் இடையே ஒரு நீதிபதி இருந்தாக வேண்டும். இங்கே அப்படி எவரும் இல்லை. படக்கதையில் எத்தனை முறை விழுந்தாலும் எழும் வீரனின் உடலும், உண்மையான நகங்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு சிறுவனின் உடலும் வேறு வேறு என்பதே அங்கு வெளிப்படுகிறது. சண்டையிடத் தகாத இடத்தில் சண்டையைத் தேடிய கற்பனை, தன் மிகச் சிறந்த பிள்ளையைப் பலிகொடுக்கிறது. இறுதிச் சடங்கில் ஃபிரான்சிஸ் பிளேக்கின் புலியைப் பற்றிய கவிதையைச் சொல்லும்போது, ஆசிரியை பறிமுதல் செய்த சொற்களே இறந்தவனுக்கான மன்றாட்டாகின்றன. அந்த வேளையில் அங்கே வெற்றி பெற்ற தரப்பு என்று எதுவும் இல்லை.

பள்ளியே கொடுமை இழைக்கும் படங்களும் உண்டே என்று இதற்கெதிராக எழக்கூடிய வலுவான மறுமொழி ஒன்றை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. ஜான் கார்னியின் ‘சிங் ஸ்ட்ரீட்’ (2016) 1985ஆம் ஆண்டின் டப்ளினில், கிறிஸ்தவ சகோதரர்கள் சபையினரின் பள்ளியில் நடக்கிறது; கருப்புக் காலணி அணியவில்லை என்பதற்காகவும் முகத்தில் ஒப்பனை செய்துகொண்டான் என்பதற்காகவும் கோனர் என்னும் மாணவனை அதன் தலைமையாசிரியர் அவமானப்படுத்துகிறார், வலுக்கட்டாயமாக அவன் முகத்தைக் கழுவுகிறார். அயர்லாந்தின் பள்ளிகளில் உடல்தண்டனை 1982இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொண்டால் அந்தக் காட்சியின் கசப்பு இன்னும் கூடும். துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் அடைந்த கொடுமைகளை 2009இல் வெளியான ரயன் அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் அந்தப் படத்திலும் கோனர் ஏன் அந்தப் பள்ளிக்கு வந்தான் என்று கேட்டால் விடை வேறிடத்தில் கிடைக்கிறது: இயேசு சபையினரின் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவனை, குடும்பத்தின் பணமுடை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து சேர்த்தது. பெற்றோரின் மணவாழ்க்கை முறிகிறது, வேலையற்ற நாட்டிலிருந்து இளைஞர்கள் கப்பலேறிக்கொண்டிருக்கின்றனர், வீட்டைவிட்டு வெளியேற முடியாமல் போன அண்ணன் தன் தோல்வியைத் தம்பியின் கனவில் ஈடுசெய்யப் பார்க்கிறான். தலைமையாசிரியரை வென்றுவிட்டால் இவற்றுள் எதுவும் தீர்ந்துவிடாது. அதனால்தான் படம் பள்ளி மேடையோடு முடியாமல் கடலுக்குள் செல்கிறது.

கிரேட்டா கெர்விக்கின் ‘லேடி பேர்ட்’ (2017) இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2002-03 கல்வியாண்டில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் நடக்கும் இக்கதையின் நாயகி கிறிஸ்டீனும் கலகக்காரியே. திருப்பலிக்கான, இன்னும் அர்ச்சிக்கப்படாத அப்பங்களைத் தோழியோடு தரையில் படுத்தபடி தின்கிறாள். கருக்கலைப்புக்கு எதிரான கூட்டத்தில் எதிர்த்துப் பேசி இடைநீக்கம் பெறுகிறாள். அருட்சகோதரி ஒருவரின் காரில் அவர் இயேசுவை இப்போதுதான் மணந்துகொண்டவர் என்று அறிவிக்கும் அலங்காரத்தைத் தொங்கவிடுகிறாள். அந்த அருட்சகோதரியோ அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்கிறார். அவளை உண்மையில் நெருக்குவது பணம். தந்தை வேலையை இழக்கிறார். செவிலியான தாய் கூடுதல் பணிநேரம் உழைத்துக் குடும்பத்தை நடத்துகிறார். மகள் செல்வந்தர்கள் வாழும் தெருவிலுள்ள வேறொருவரின் வீட்டைத் தன் வீடென்று தோழியிடம் பொய் சொல்கிறாள். தன்னை வளர்க்க ஆன செலவைத் தொகையாகச் சொன்னால் சம்பாதித்துத் திருப்பித் தருவதாக அவள் தாயிடம் கத்தும் இடத்தில்தான் படத்தின் காயம் திறக்கிறது. இதைப் பள்ளிக்கெதிரான கலகமாகக் கொண்டாடுபவர்கள், வறுமையைப் பற்றிய படத்தை ஒழுக்கவிதிகளைப் பற்றிய படமாக மாற்றிவிடுகின்றனர்.

‘லேடி பேர்ட்’, ‘ஆல்டர் பாய்ஸ்’ ஆகிய இரு படங்களிலும் ஒரு மாணவரின் எழுத்தை ஒரு துறவி வாசிக்கும் இடம் உண்டு. ‘லேடி பேர்ட்’ படத்தில் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் கிறிஸ்டீன் எழுதிய கட்டுரையை வாசிக்கும் அருட்சகோதரி சாரா ஜோன், தான் வெறுப்பதாக அவள் சொல்லிவந்த ஊரின்மீது அவளுக்கு இருக்கும் அன்பை அதில் கண்டுகொள்கிறார். கவனித்துப் பார்ப்பதும் அன்பு செய்வதும் ஒன்றாகவே இருக்கலாம் அல்லவா என்று அவளிடம் கேட்கிறார். அருட்சகோதரி அசம்ப்டாவின் கைக்கும் சிறுவர்களின் படக்கதை வந்து சேர்கிறது. அந்தப் பக்கங்களில் தாம் எவ்வளவு இழிவாக வரையப்பட்டிருக்கிறோம் என்பதை மட்டுமே அவர் பார்க்கிறார். அவற்றை வரைந்த பிள்ளைகளின் அச்சத்தையும் தனிமையையும் பார்க்கவில்லை. புகைபிடித்தபடி கால்பந்துப் பயிற்சி தரும் அருட்தந்தை கேசி அவர்களை வெறுப்பவர் அல்லர், ஆனால் அவரும் எதையும் கேட்டறிவதில்லை. ஆகத்தாவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அந்தப் பள்ளியில், தன் வீட்டில் நடந்ததைச் சொல்ல மார்ஜிக்கு ஒரு வயதுவந்தவர்கூடக் கிடைக்கவில்லை. அவள் அதை ஒரு சிறுவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிமீது சுமத்தத்தக்க உண்மையான குற்றச்சாட்டு இதுவே. கண்டிப்பு, கட்டுப்பாடு, சிறை என்பவற்றைவிட இது கனமானது. படக்கதையைக் கையில் எடுத்து அதில் அரக்கியை மட்டும் பார்த்துச் சிரித்த விமர்சனத்துக்கு, அந்தக் குற்றச்சாட்டை எழுப்பும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.